மாசியில் அடித்த சுண்ணாம்பு

நெருப்பில்லாமல் தண்ணீர் கொதிப்பதை நான் முதன்முதலில் பார்த்தது மைசூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில்தான். தரையில் வெட்டிய குழியில் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டி, அதன்மேல் அத்தை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம். கல் பிளந்தது, ஆவி கிளம்பியது, குழி முழுக்கத் தளதளவென்று கொதித்தது. கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று அத்தை என்னை முழங்கையால் பின்னுக்குத் தள்ளினாள். அவள் முகமெல்லாம் வேர்வையும் வெள்ளைப் பொட்டுமாக இருந்தது. அம்மா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லைக்குக்கூட இறங்கி வரவில்லை. அப்பா போய் அப்போது நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது.

நான் நாலாவது வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. இந்த வயதிலும் அப்படித்தான். எழுதும்போது மட்டும் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது. அத்தையைப் பற்றி எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் இனித் தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன்.

மகாராஜா ஆண்ட காலம் அது. அப்பா மண்டித் தெருவில் புளியும் சீயக்காயும் விற்றார். சரக்கு மாதேஸ்வரன் மலைப் பக்கத்திலிருந்து வண்டியில் வரும். அப்பாவின் சொந்த ஊரும் அந்தப் பக்கம்தான், மார்டள்ளி. கொள்ளேகாலும் அதைச் சுற்றிய ஊர்களும் அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் சேர்ந்திருந்தன. மகாராஜா சீமைக்கும் வெள்ளைக்காரன் சீமைக்கும் இடையில் அப்பாவின் புளி மூட்டைகள் போய்வந்துகொண்டிருந்தன என்று சொல்லலாம். மண்டிக்குப் பின்தெருவில் எங்கள் வீடு. நாட்டு ஓடு போட்டது. முன்னால் ஒரு கூடம், நடுவில் இரண்டு அறை, பின்னால் கிணறும் கொல்லையும். எந்த அறைக்குப் போனாலும் புளி வாசனை வரும். அப்பாவும் ஊரிலிருந்த பெரியப்பாவும் சேர்ந்து வாங்கிய வீடு அது. ஒருநாள் மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெரியப்பா தன் முடிவைச் சொன்னார். வீட்டை விற்றுவிட வேண்டும். ஆடி பிறப்பதற்குள் நல்ல ஆள் வந்தால் வந்த விலைக்குக் கொடுக்கலாம். பாதி அவருக்கு, பாதி அம்மாவுக்கு. யாரும் வராவிட்டால் அவருக்குத் தெரிந்த கமிஷன்காரர் ஒருவர் இருக்கிறார், அவர் கேட்கிற விலைக்குத் தள்ளிவிட்டு, அம்மாவும் நானும் மார்டள்ளிக்கு வந்து அவர் வீட்டோடு இருந்துவிட வேண்டும். கமிஷன்காரர் கேட்ட விலையில் அம்மாவின் பாதி ஒரு மாட்டுக் கொட்டகைக்குக்கூடப் போதாது. பெரியப்பா கெட்டவர் அல்ல. ஆனால் அந்த வீட்டுக்குப் போனால் அம்மா வாழ்நாள் முழுக்க அவருடைய அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள் என்பது எனக்கே தெரிந்தது. அம்மாவுக்கு வேறு யோசனை இருந்தது. அப்பா செய்த தொழிலைச் சின்னதாகச் செய்யலாம். புளி வாங்கிக் கொட்டை எடுத்து வீடு வீடாகக் கொடுக்கலாம். அதற்கு ஒரு சின்ன வீடும் கொஞ்சம் முதலும் வேண்டும். இதை அவள் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. எங்கள் வம்சத்தில் வாய் இல்லாதவள் நான் மட்டும் அல்ல.

இந்தச் சமயத்தில்தான் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவுக்கு மூத்தவள், பெரியப்பாவுக்கு இளையவள். அம்மா அவளை நங்கையா என்று கூப்பிடுவாள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அத்தைக்குக் குரல் பெரிது, கை பெரிது, கோபமும் பெரிது. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் குழம்பில் உப்புப் போதவில்லை என்று ஊர்க்கூட்டத்தின் நடுவில் சொன்னவள். அவள் வண்டியை விட்டு இறங்கியபோது அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பாதான் அவளை அனுப்பியிருக்கிறார், எங்களைக் கண்காணிக்க வந்திருக்கிறாள் என்று நாங்கள் இருவரும் வாய் திறக்காமலே முடிவு செய்துகொண்டோம்.

அத்தை கூடத்தில் நின்று சுவரைச் சுற்றிலும் பார்த்தாள். "இதென்ன அம்மிணி, வூடு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு நிக்குது? மாட்டைச் சந்தைக்கு ஓட்டறதுன்னா சும்மாவா ஓட்டுவோம்?" என்றாள். அவளுக்குத் தெரிந்த விற்பனை அது ஒன்றுதான். மாதேஸ்வரன் மலையடிவாரத்தில் நடக்கும் மாட்டுச் சந்தையில் எங்கள் குடும்பத்து மாடுகளை அத்தைதான் தயார் செய்வாளாம். குளிப்பாட்டி, குளம்பு சீவி, கொம்புக்குச் சாயம் பூசி, சலங்கை கட்டி அவள் நிறுத்தி வைத்த மாட்டை, வீட்டில் கட்டி வைத்திருந்தவனே அடையாளம் தெரியாமல் விலை கேட்டானாம். இதை அவளே சொல்லி அவளே சிரித்தாள்.

நவராத்திரிக்கு அடித்த வெள்ளை இன்னும் அப்படியே இருக்கிறதே என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். அத்தை அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டாள். சுண்ணாம்புச் செலவு தன்னுடையது என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் மாசி மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். நீற்றிய சுண்ணாம்பைப் பழைய வேட்டியில் வடிகட்டி, சாய்ந்து உட்காருகிறவர் முதுகில் ஒட்டாமல் இருக்க அரிசிக் கஞ்சி சேர்த்து, துளி நீலமும் கலந்தாள். தேங்காய் மட்டையைத் தட்டி நாராக்கிக் கட்டிய கட்டையால் கூடம், அறை, தெருச்சுவர், கிணற்றுச் சுற்று என்று ஒன்று விடாமல் அடித்தாள். அடியில் ஒரு முழத்துக்குக் காவி. கதவுக்கு வேப்பெண்ணெய். பக்கத்து வீட்டுப் பால்காரம்மாவின் கறவை மாட்டைப் பகலில் எங்கள் கொல்லையில் கட்டிக்கொள்ளக் கேட்டு வாங்கினாள். எங்கள் நெல் குதிர் காலியாக இருந்தது. அடியில் வைக்கோலைத் திணித்து மேலாக நாலு படி நெல்லைப் பரப்பினாள். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, வாசலிலிருந்து பார்த்தால் வெயில் பட்டு மின்னுகிற இடமாகப் பார்த்து வைத்தாள். வேலையெல்லாம் முடிந்து தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தபோது, எங்கள் வீடு மட்டும் அந்த வரிசையில் கண்ணைக் கூசும்படி நின்றது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வீடு பார்க்க யார் வந்தாலும் அம்மா பின்னறையில் இருந்துவிட வேண்டும். புருஷனை இழந்தவள் வாசலில் எதிர்ப்பட்டால் வீடு வாங்க வருகிறவன் திரும்பிப் போய்விடுவான் என்பது அந்தக் காலத்தில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமாக இல்லை. அத்தை இதை அம்மாவிடம் சொன்னபோது மட்டும் அவள் குரல் தாழ்ந்தது. அம்மா தலையாட்டினாள். அத்தை சிவப்புச் சேலை கட்டி, மஞ்சள் பூசி, கொண்டை நிறையப் பூ வைத்து வீட்டு எஜமானியாக வாசலில் நின்றாள். அவளுக்குக் கன்னடம் வராது. வருகிறவர்களுக்குத் தமிழ் வராது. நடுவில் நின்று மாற்றிச் சொல்ல வேண்டியவள் நான். ஆள் முகத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் பெண்ணுக்கு இப்படி ஒரு உத்தியோகம்.

முதலில் வந்தவர் தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், தன் தாயாருடன். தாயார் நரைத்த முடியை முக்காட்டுக்குள் மறைத்திருந்தார். இருவரும் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார்கள். அந்த அம்மாள் சுவரைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், இப்போது எதற்காகச் சுண்ணாம்பு அடித்தீர்கள் என்று கேட்டார். நான் அத்தைக்குச் சொன்னேன். வீடு சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் என்று அத்தை மலர்ந்த முகத்தோடு பதில் சொன்னாள். நான் அதைக் கன்னடத்தில் சொன்னேன். வீட்டு ஆண்பிள்ளை எங்கே என்றார். பக்கத்தில் அத்தை பூவும் மஞ்சளுமாக நிற்பதை மறந்து, காலமாகிவிட்டார் என்றேன். எப்போது என்றார். ஐப்பசியில் என்றேன். தாயாரும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத் தெருவின் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்து போனார்கள். அண்டாவையும் மாட்டையும் யாரும் பார்க்கவே இல்லை.

அடுத்து வந்தவர்களும் அப்படித்தான். சிலர் வண்டியை நிறுத்தாமலே போனார்கள். நம் வீட்டில் என்ன குறை என்று அத்தைக்கு விளங்கவில்லை. காவியை இன்னும் ஒரு கை அடித்தாள். கடைசியில் பால்காரம்மாதான் வந்து உடைத்துச் சொன்னாள். தன் மாட்டை இனி எங்கள் கொல்லையில் கட்ட மாட்டேன், பால் வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். அவள் தமிழ் பாதி கன்னடம், அடிப்பதற்கு ஹொடி என்பாள். "அக்காவ்ரே, மாசியில யாராவது சுண்ணாம்பு ஹொடீவாங்களா? எலி விழுந்த வீட்டுக்குத்தானே முனிசிபாலிட்டிக்காரன் ஹொடீவான்?"

மைசூரில் அப்போது இருந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குளிர்காலம் வந்தால் ஊரில் எங்காவது பிளேக் வரும். ஒரு வீட்டில் எலி தானாகச் செத்து விழுந்தால் அந்தத் தெருவே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் போய்விடும். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து ஓட்டைப் பிரித்து வெயில் இறங்க விட்டு, மருந்து தெளித்து, சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள். மற்றபடி ஊரார் வெள்ளையடிப்பது நவராத்திரிக்கு முன்னால்தான். அதனால் பண்டிகை இல்லாத நாளில் ஒரு வீடு மட்டும் வெள்ளைவெளேரென்று நின்றால், பார்க்கிறவன் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் வரும். அதிலும் அந்த வீட்டு ஆண்பிள்ளை சமீபத்தில் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மாவும் நானும் அந்த ஊரிலேயே இருந்தவர்கள். எங்கள் வீட்டில் எலி விழவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்; தெரிந்ததாலேயே, வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அத்தை பாவம், காட்டோர ஊர்க்காரி. அவள் ஊரில் சுண்ணாம்பு என்றால் பொங்கல், கல்யாணம், அவ்வளவுதான்.

பால்காரம்மா போன பிறகு அத்தை கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அம்மா சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய், கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் அத்தை வீட்டை அழுக்காக்கத் தொடங்கினாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் தனியாக இருக்கும்போதுகூடச் சிரிப்பு வரும். பச்சை விறகைக் கூடத்தில் வைத்துப் புகைய விட்டாள். அகல் விளக்கைச் சுவரோரம் வைத்துக் கரி ஏற்றினாள். தெருப் பிள்ளைகளை வெல்லம் காட்டிக் கூப்பிட்டாள். அவர்கள் அம்மாக்கள் அனுப்பவில்லை. அதனால் அத்தனை கைத்தடமும் நானே பதிக்க வேண்டியதாயிற்று. தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலையை இடமும் வலமும் உருட்டினாள். எனக்கும் தேய்த்துவிட்டு எதிர்ச்சுவரில் உட்கார வைத்தாள். கஞ்சி கலந்த சுண்ணாம்பு லேசில் கறை வாங்கவில்லை. "மாட்டுக்கு வயசைக் குறைச்சுக் காட்டுனவங்க ஊருல நெறையாப் பேரு. வயசைக் கூட்டிக் காட்டுறவ என்னையாட்டம் ஒருத்திதான் இருப்பா" என்றாள் அத்தை. பின்னறையிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அத்தை தலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவர் பழசாகிவிட்டது. பேச்சு பழசாகவில்லை. எலி விழுந்த வீடு என்ற பெயர் மண்டி வரைக்கும் போயிருந்தது. அப்பா மண்டியில் பத்துப் பேர் பார்க்கத்தான் செத்தார். இருந்தும் இப்போது கேட்டால், அன்று காலையிலேயே அவருக்குக் காய்ச்சல் இருந்ததாமே என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்திருந்தார். சித்திரையும் வந்தது. பெரியப்பாவிடமிருந்து ஆள் வந்தான். ஆனியில் தான் வண்டியோடு வருவதாகவும், கமிஷன்காரரிடம் பேசி வைத்திருப்பதாகவும் சொன்னான். அதைக் கேட்ட அன்று அத்தை மூட்டையைக் கட்டினாள். கொள்ளேகால் பக்கம் போகிற சரக்கு வண்டி ஒன்றில் ஏறிப் போய்விட்டாள். சொன்னது இவ்வளவுதான்: வாசலுக்குத் தினமும் சாணி தெளித்துக் கோலம் போடுவதை நிறுத்த வேண்டாம். அண்ணன் பக்கம் போய்விட்டாள் என்று அம்மா சொன்னாள். அதில் கோபம் இல்லை. குளத்தில் கல் விழுந்து அடங்கினதுபோல இருந்தது அவள் முகம். பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதைக் கொண்டு போவது எதை விடுவது என்று பிரித்து வைக்க ஆரம்பித்தாள்.

என் பேரன் போன மாதம் தன் வீட்டை விற்றான். தரகர் சொன்னபடி உள்ளேயும் வெளியேயும் பெயின்ட் அடித்தான். ஒரு பையன் வந்து புதுத் திரைச்சீலை மாட்டி, மேசையில் பழங்களை அடுக்கி, எங்கள் படங்களையெல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டான். வாங்குகிறவர்கள் தங்கள் படத்தை அந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். என்னை அன்று பகல் முழுக்க மகள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். எனக்கு வருத்தம் இல்லை, அதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெயின்ட் வாசனையில் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது எனக்கு அம்மாவின் பின்னறை ஞாபகம் வந்தது. பிறகு அத்தை திரும்பி வந்த நாள் ஞாபகம் வந்தது.

வைகாசி பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். வாசலில் கூண்டு வண்டி வந்து நின்றது. அத்தை முதலில் இறங்கி, உள்ளே கையை நீட்டி, மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண்ணை இறக்கினாள். அத்தையின் மகள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளைகாப்பு வளையல்கள். நிறை வயிறு. முதல் பிள்ளை.

தெருவே எட்டிப் பார்த்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். தாய் வீட்டை விட்டு வேறு ஊருக்கு அழைத்து வருவது யாரும் செய்யாதது. பிளேக் ஊருக்கா கொண்டு போகிறாய் என்று சம்பந்தியம்மாள் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாளாம். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று மருமகன் அத்தையிடம் சொல்லிவிட்டானாம். இதெல்லாம் அவள் மகள் பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அத்தை எங்களிடம் சொன்னது வேறு. அம்மா பதறிப்போய், இங்கே எதற்குங்க நங்கையா, ஊரில் வசதியாக இருக்குமே என்றாள். "என்ற தம்பி வூட்டுல என்ற புள்ளை பெறக்கூடாதா? எலி விழுந்த வூடுன்னு சொல்றாங்கல்ல. பெத்தவ தன்ற மகளை எந்த வூட்டுல படுக்க வெப்பான்னு அவங்களுக்கே தெரியும், அம்மிணி" என்றாள் அத்தை. அம்மா அவள் காலில் விழப் போனாள். அத்தை பிடித்துத் தூக்கிவிட்டு, சுடுதண்ணி வை என்றாள்.

பிரசவம் பின்னறையில் இல்லை, நடு அறையில்தான் என்பதில் அத்தை பிடிவாதமாக இருந்தாள். மகளைப் பகலெல்லாம் கூடத்தில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி உட்கார வைத்தாள். அந்தப் பெண் சாய்ந்த இடத்தில் சுவரில் தானாகவே எண்ணெய்த் தடம் விழுந்தது. நாங்கள் உருட்டி உருட்டிப் பதித்த தடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க யாருக்கும் மனம் வராது. முதலில் பால்காரம்மா ஒரு சொம்பு பாலோடு வந்தாள். பிறகு எதிர்வீட்டிலிருந்து புளியோதரை வந்தது. அப்புறம் அவர்களே வந்து உட்கார்ந்தார்கள். இவர்களுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்குக் கன்னடம் தெரியாது. ஆனால் வயிற்றைப் பற்றிப் பேச மொழி தேவைப்படவில்லை. என் உத்தியோகம் போய்விட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

குழந்தை ஒரு விடியற்காலையில் பிறந்தது. பெண். மகள் பிழைத்து எழுந்து கஞ்சி குடிக்கிற வரைக்கும் அத்தை எவ்வளவு பயந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது.

தீட்டுக் கழிந்த பிறகு கூடத்தில் தூளி கட்டினார்கள். அந்த வாரத்தில் தபால் குமாஸ்தாவின் தாயார் வந்தார், இந்தத் தடவை மகன் இல்லாமல். படி ஏறி உள்ளே வந்தார். தூளியை ஒருமுறை விலக்கிப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார், நெல் குதிருக்குள் எட்டிப் பார்த்தார். வைக்கோல் தெரிந்திருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. பிறகு வீட்டு எஜமானி எங்கே என்று கேட்டார். நான் அத்தையைக் காட்டினேன். அவர் தலையசைத்தார். இவள் விருந்தாளி, தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறதென்று தேடுகிறாள், இந்த அடுப்படியை ஆள்கிறவள் எங்கே என்றார். நான் அதை அத்தைக்குச் சொல்லவில்லை. சொல்வதற்குள் அத்தைக்கு எப்படியோ புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், பின்னறைக் கதவைப் பார்த்தாள். பிறகு தானே போய்க் கதவைத் திறந்து, அம்மாவின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

வெள்ளைச் சேலையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா, மழைக்கு எந்த மூலை ஒழுகும், பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி என்று அவர் கேட்டார். அம்மா கன்னடத்தில், மெல்லிய குரலில், உள்ளது உள்ளபடி சொன்னாள். வடமேற்கு மூலை ஒழுகும் என்பதையும் கையைக் காட்டிச் சொன்னாள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் எழுந்திருக்கும்போது, மகன் வீட்டில் நானும் பின்னறையில்தான் இருக்கிறேன், வாங்குகிற வீட்டை நானே வந்து பார்க்கிறேன் என்று இந்த ஒரு தடவை சொல்லிவிட்டேன் என்றார். இதை மட்டும் நான் அத்தைக்கு ஒரு சொல் விடாமல் மாற்றிச் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை என்று ஞாபகம்.

வீடு நியாயமான விலைக்குப் போயிற்று. பெரியப்பா வந்து கையெழுத்துப் போட்டார், தன் பாதியை வாங்கிக்கொண்டார். மண்டிக்கு அந்தப் பக்கச் சந்தில் அம்மா ஒரு சின்ன வீட்டை, பால்காரம்மா மூலமாக, பேசி முடித்திருந்தாள். இதைப் பெரியப்பாவிடம் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை. அந்த வீட்டில்தான் அம்மா தன் காலம் முழுக்கப் புளிக்குக் கொட்டை எடுத்தாள். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மலைப் பக்கத்திலிருந்து நல்ல புளியாகப் பார்த்து அத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். அவள் மகளைப் புருஷன் வீட்டார் பிறகு கூப்பிட்டுக்கொண்டார்கள். பேத்தி முகம் பார்த்து மருமகனும் இறங்கி வந்தான். என் கல்யாணம் அந்தச் சின்ன வீட்டு வாசலில் நடந்தது. நன்றி என்று எங்கள் பக்கம் வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. அத்தையிடம் நாங்கள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்க அவள் இல்லாவிட்டாலும்.

வீட்டைக் காலி செய்த அன்று நல்ல வெயில். பெரியப்பாவின் வண்டியில் அத்தை மகள் குழந்தையோடு ஏறி உட்கார்ந்திருந்தாள். எங்கள் டிரங்குப் பெட்டியையும் பெரியப்பா அதிலேயே ஏற்றச் சொல்லியிருந்தார். அம்மா கூடத்தில் நின்றாள். பெரியப்பா, நேரமாகிறது, ஏறுங்கள் என்றார். அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நாங்க வரலீங்க மாமா."

ஒருவருக்கும் கேட்காத குரல்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார். புருஷன் போய் ஒரு வருஷம்கூட முடியாதவள் பட்டப்பகலில் நடுத்தெருவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதா, நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

"பேசறவங்க சுண்ணாம்பு அடிச்சாலும் பேசுவாங்கண்ணா, அடிக்காட்டியும் பேசுவாங்க" என்றாள் அத்தை. வண்டியின் பின்பக்கம் போய் டிரங்குப் பெட்டியை இழுத்து, சும்மாடு சுற்றித் தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். வாசலுக்கு வந்து நின்றாள். அம்மா இன்னும் நிலைப்படிக்கு உள்ளேதான் இருந்தாள். எதிர்வீட்டுத் திண்ணையில் ஆட்கள் இருந்தார்கள்.

"எனக்கு இந்த ஊருல வழி தெரியாது அம்மிணி. நீ முன்னால நட."

அம்மா படியிறங்கினாள். தலையைக் குனிந்தபடிதான் இறங்கினாள். தெருமுனை திரும்பும்போது, எந்தப் பக்கம் என்று அத்தைக்குக் காட்டுவதற்காக, தலையை நிமிர்த்திக் கையை நீட்டினாள்.